ஆஸ்பத்திரி லைன்

எனக்குக் கோபம் மூக்குநுனியில் என்று சொல்வார்கள். சொல்லட்டும். இருபத்திரண்டு வருஷம் மின்கம்பம் ஏறிய பெண் நான். கோபம் மட்டும் இல்லையென்றால் கீழே நின்று ஏணியைப் பிடிக்கத்தான் விட்டிருப்பார்கள், ஏற விட்டிருக்க மாட்டார்கள். கம்பத்தக்கா என்று எனக்குப் பட்டப்பெயர் வைத்தவள் என் தங்கை. அது தெருத்தெருவாகப் பரவி, கடைசியில் மேனேஜர்கூட அப்படித்தான் கூப்பிட்டார். அவள் வாயில் விழுந்தால் யாரும் தப்ப முடியாது. எங்கள் ஊர் தனக்கென்று ஒரு மின் நிறுவனம் தொடங்கிய நாளில் நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேர் தெரிந்த மாதிரிப் பேசுகிறார்கள். அவர்கள் கண் காது மூக்கு வைத்துச் சொல்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை பஞ்சாலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவள். அந்தத் தூசி அவள் நுரையீரலைத் தின்றுவிட்டது. நாற்பத்து மூன்று வயதில் வீட்டிலேயே ஒரு மெஷின் வைத்துக்கொள்ளும்படி ஆயிற்று. பயணப்பெட்டி அளவுதான் இருக்கும். அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் இருக்கும்வரை ஓடும். கரண்ட் போனால் பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டர் உண்டு, அரை மணி நேரத்துக்கு வரும்.

ஊர் நிறுவனம் தொடங்குவதற்கு மூன்று வருஷம் முன்னால் ஒரு புயல் அடித்தது. முந்நூறு கம்பங்கள் சாய்ந்தன. அப்போது ஊரின் கம்பிகளெல்லாம் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நான் அதன் லைன் வேலைக்காரி. முதல் நாள் காலையில் மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். ஆலைகள் முதலில், பிறகு குளிர்பதனக் கிடங்குகள், பிறகு பெரிய கடைகள், எல்லாம் முடிந்தபிறகு தெருக்கள். என் தங்கையின் தெரு கடைசியிலிருந்து இரண்டாவது. பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் அவள் ஆஸ்பத்திரி நடைபாதையில் ஒரு மடக்குக் கட்டிலில் கிடந்தாள். நான் ஆலைக்குக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தேன். வயிறு எரிந்தது. அந்த எரிச்சலில்தான் அதைச் செய்தேன்.

அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. ஆஸ்பத்திரி ஊழியர் குடியிருப்புக்கு அதன் வழியாக ஒரு லைன் போகிறது. ஆஸ்பத்திரி லைனின் கிளை அது. ஆஸ்பத்திரி லைனை யாரும் அணைப்பதில்லை. புயலில்கூட நாலே மணி நேரத்தில் அதற்குக் கரண்ட் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், சீருடையோடு ஏணி போட்டு ஏறினேன். சீருடையில் இருப்பவளை யார் கேட்கப்போகிறார்கள்? அவள் வீட்டு ஒயரைத் தெரு லைனிலிருந்து கழற்றி, பின்பக்க லைனில் ஒரு ஜம்பர் கொடுத்து மாட்டினேன். ஜம்பர் என்றால் இரண்டு முழம் கம்பி, வேறொன்றுமில்லை. பத்து நிமிஷ வேலை.

தங்கை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டர் கிடையாது, நர்ஸ் கிடையாது, ஆஸ்பத்திரி கரண்ட் மட்டும் தனக்கு என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும், அதனால் பாதிச் சிரிப்போடு நிறுத்தினாள். அவள் வீட்டுக்காரர் தச்சர், அதிகம் பேசாத மனிதர். வெளியே மூச்சுவிடக் கூடாது என்று அவரிடம் மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அதே புயலில்தான் ஊருக்கும் ஆத்திரம் வந்தது. கம்பெனியின் உரிமக் காலம் முடியப்போகிறது, கம்பிகளை ஊரே வாங்கிவிடலாம், கரண்டையும் ஊரே தயாரிக்கலாம் என்று பேச்சு கிளம்பியது. மூடிய குப்பைமேட்டின்மேல் சோலார் தகடுகள், வடக்கு மேட்டில் நாலு காற்றாலைகள், லாரி அளவில் பேட்டரிகள். முதலாளி யாரும் கிடையாது, வீட்டுக்கு ஒரு ஓட்டு. முதலில் எல்லாரும் சிரித்தார்கள். என் தங்கை சிரிக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, மெஷின் குழாயை நீளமாக இழுத்துவிட்டுக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினாள். மூக்கில் குழாயோடு ஒருத்தி கேட்டால் மாட்டேன் என்று சொல்ல எவனுக்கு வாய் வரும் என்று என்னிடம் கண்ணடித்தாள். அந்த ஒரு தெருவில் மட்டும் நானூறு கையெழுத்து.

நானும் சும்மா இல்லை. கம்பெனி வேலையை உதறிவிட்டு இதில் இறங்கினேன். பொதுக்கூட்டம் ஒன்றில் ஓட்டல்காரர் ஒருவர் எழுந்து, தன் குளிர்பெட்டிகளில் சரக்கு கெட்டுப்போகும், அதனால் ஆஸ்பத்திரி லைனிலிருந்து தனக்கு ஒரு இணைப்பு வேண்டும், அதற்கான செலவைத் தானே ஏற்கிறேன் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுந்து நின்று, என் தங்கையின் மூச்சுக்கே தனி லைன் இல்லாதபோது உங்கள் குளிர்பெட்டிக்கு எதற்கு என்று கேட்டேன். எல்லாருக்கும் ஒரே லைன், ஒரே நியாயம் என்றேன். அரங்கம் முழுக்கக் கைதட்டியது. ஓட்டல்காரர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கைதட்டல் ஓயும்வரை நான் நின்றுகொண்டிருந்தேன். கூச்சமாகக்கூட இல்லை. என் தங்கை வீட்டு ஜம்பர் அப்போது என் ஞாபகத்திலேயே இல்லை என்று சொன்னால் அது பொய். ஞாபகம் இருந்தது. என் விஷயம் வேறு, அவர் விஷயம் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஓட்டெடுப்பில் ஜெயித்தோம். கம்பெனி போகிற போக்கில் ஒரு வரைபடத்தைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனது. பத்து வருஷப் பழசு, பாதிக் கம்பங்கள் அதில் இல்லவே இல்லை. புது நிறுவனத்தின் இன்ஜினியர் மெல்லப் பேசுகிறவர், பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும். ஊரிலுள்ள ஒவ்வொரு கம்பத்தையும் நடந்து பார்த்து, எந்த வீடு எந்த லைனில் தொங்குகிறது என்று புதிதாக வரையும் வேலையை என்னிடம் கொடுத்தார். இந்த ஊர்க் கம்பிகளை என்னைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. நாலு மாதம் நடந்தேன். இரண்டாயிரத்து நூற்று நாற்பது கம்பங்கள். ஒன்றில்கூடத் தெரிந்து தப்பு செய்யவில்லை, ஒன்றைத் தவிர.

தங்கை வீட்டுச் சந்துக்கு வந்தபோது கம்பத்தடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வரைபடம் நகராட்சி வாசலில் ஆளுயரத்துக்குத் தொங்கப்போகிறது. யார் வேண்டுமானாலும் தன் வீட்டின்மேல் விரலை வைத்துப் பார்க்கலாம். ஊருக்குச் சொந்தமானது ஊருக்குத் தெரியவேண்டும் என்று கூட்டத்தில் முடிவு செய்ததில் நானும் கையைத் தூக்கியிருந்தேன். உள்ளதை வரைந்தால் ஓட்டல்காரர் முதல் ஆளாக வந்து விரலை வைப்பார். தங்கை வீட்டை மற்ற வீடுகள் மாதிரியே தெரு லைனில் தொங்குவதாக வரைந்துவிட்டு எழுந்தேன்.

அன்று சாயங்காலம் தங்கை கேட்டாள். ஜம்பரை எடுத்துவிடேன், இனிமேல் எல்லாம் நம் லைன்தானே, நமக்கென்ன தனியாக என்றாள். மாற்றம் முடிந்து ஒரு மாதம் போகட்டும், சத்தமில்லாமல் எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். புதுசு, முதல் மாதம் எப்படி ஓடுமோ என்றும் சொன்னேன். வீடு வீடாகப் போய் இதை நம்புங்கள் என்று கத்தியவள் நான். என் சொந்தத் தங்கை என்று வந்தபோது நான் நம்பவில்லை. அதுதான் உண்மை.

மாற்றத்துக்கு ஒரு நாள் குறித்தார்கள். ஏழு லைன்கள். ஒவ்வொன்றாகக் கம்பெனிப் பக்கத்திலிருந்து பிரித்து எங்கள் பக்கத்தில் சேர்க்கவேண்டும். தெரு லைன் ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் நிற்கும். மெஷினை நம்பி மூச்சுவிடும் வீடுகளுக்காக ஒரு லிஸ்ட் போட்டிருந்தோம், முப்பத்தெட்டு வீடுகள். மூச்சு லிஸ்ட் என்று பெயரே வந்துவிட்டது. எந்தத் தெரு நிற்கிறதோ அந்தத் தெருவுக்குப் பேட்டரிகளோடு வேன் போகும், லிஸ்டில் உள்ள வீடுகளுக்குக் கொடுக்கும், கரண்ட் வந்ததும் எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகும். லிஸ்டில் என் தங்கையும் இருந்தாள். ஆனால் அவள் எந்த நேரத்தில் எந்த லைனோடு நிற்பாள் என்பதை என் வரைபடம்தான் சொல்லியது.

ஆஸ்பத்திரி லைன் கடைசி. அதற்கு எல்லாம் முன்கூட்டியே தயார் செய்தாகிவிட்டது. லைனின் பெரிய ஸ்விட்சான பிரேக்கரை அணைத்து, கத்தி என்று நாங்கள் சொல்லும் மாற்று ஸ்விட்சை இந்தப் பக்கம் திருப்பி, மறுபடி போடவேண்டியதுதான். நாலு நிமிஷம். ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருக்கிறது. தங்கையிடம் அரை மணி நேர சிலிண்டர் இருக்கிறது. நாலு நிமிஷத்துக்கு அது தாராளம் என்று கணக்குப் போட்டேன். தச்சர் அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கட்டுமா என்று கேட்டபோதுகூட, வீணாக எதற்கு, போய்விட்டு வாருங்கள் என்று நான்தான் சொன்னேன்.

பஸ் டிப்போவுக்குப் பின்னால் உள்ள பழைய கட்டடம்தான் ஸ்விட்ச் அறை. உயரத்தில் ஜன்னல்கள், சுவரோரம் சாம்பல் நிறத்தில் ஏழு இரும்பு அலமாரிகள், எண்ணெய் வாடை. இயக்குவது நான். பக்கத்தில் இன்ஜினியர். பிரேக்கர்களைக் கவனித்துக்கொள்ள ஒரு மெக்கானிக். பொதுமக்கள் சார்பில் சீட்டுக் குலுக்கிப் பத்துப் பேரைச் சாட்சியாக உள்ளே விட்டிருந்தார்கள். அந்தப் பத்தில் ஓட்டல்காரரும் ஒருவர். வேலை நடக்கும்போது யார் கையிலும் போன் இருக்கக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். எல்லாப் போனையும் சத்தத்தை அணைத்து வெளியே ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தோம். வேனோடும் தெருவில் நிற்கும் ஆட்களோடும் பேச ரேடியோ ஒன்றுதான். அந்த ரேடியோவை ஊர்ச் சதுக்கத்தில் ஸ்பீக்கரிலும் கொடுத்திருந்தார்கள். ஊர் நிறுவனம் பிறப்பதை ஊர் கேட்கட்டும் என்று.

எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். முதல் இரண்டு லைன்களும் சொன்ன நேரத்துக்கு வந்தன. பத்து மணிக்கு மூன்றாவது, தங்கையின் தெரு. அணைத்த ஐந்தாவது நிமிஷம் ரேடியோவில் வேன் ஓட்டுகிறவரின் குரல் வந்தது. முன்பு பள்ளிப் பேருந்து ஓட்டியவர் அவர், எதையும் விட்டுவிடாத பெண்மணி.

“தெருவே கரண்ட் இல்லாம கிடக்கு. இந்த ஒரு வீட்டுல மட்டும் ஃபேன் சுத்துது. என்னன்னு பாருங்க.”

இன்ஜினியர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வாய் தயாராக இருந்தது. அந்த வீட்டுக் கூரையில் சோலார் தகடு இருக்கிறது, சொந்தமாகப் பேட்டரியும் இருக்கிறது, அடுத்த வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. சரி என்று வேன் போய்விட்டது. இன்ஜினியர் தன் தாளில் அந்த வீட்டுக்கு எதிரே முடிந்தது என்று குறியிட்டார்.

ஒன்று பத்துக்கு ஆஸ்பத்திரி லைனை அணைத்தேன். பதினோரு வருஷம் யாரும் தொடாத பிரேக்கர் அது. முன்பே ஒருமுறை இயக்கிப் பார்க்க மெக்கானிக் கேட்டிருந்தார், ஆஸ்பத்திரி லைனை அணைக்கவே கூடாது என்று கம்பெனி மறுத்துவிட்டது. அணைத்தபோது தடாரென்று திறந்துகொண்டது. கத்தியைத் திருப்பினோம். ஒன்று பதினாலுக்குப் போட்டேன். பிரேக்கர் பிடிக்கவில்லை. மறுபடி போட்டேன். உள்ளே கிரீஸ் கல்லாக இறுகிப் போயிருந்தது.

மெக்கானிக் அலமாரியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். பதற்றம் எதுவும் இல்லை. அவர் பதறவேண்டிய காரணமும் இல்லை. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் ஓடுகிறது, ஊழியர் குடியிருப்பில் கொஞ்ச நேரம் ஃபேன் சுற்றாது, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது. துடைத்து, எண்ணெய் விட்டு, பக்குவமாகச் செய்யலாம், ரெண்டு நிமிஷம் என்றார். சாட்சிகள் தங்களுக்குள் பேசிச் சிரித்தார்கள். யாரோ எல்லாருக்கும் தேநீர் கொண்டுவந்தார்கள்.

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். அரை மணி நேரம் இருக்கிறது, ஒன்று நாற்பதுவரை கவலை இல்லை. ஒன்று இருபதுக்கு மறுபடி ரெண்டு நிமிஷம் என்றார். ஒன்று இருபத்தைந்துக்கும் அதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் நம்பினேன், ஏனென்றால் நம்பினால் வாயைத் திறக்கவேண்டாம். திறந்தால் சதுக்கம் முழுக்கக் கேட்கும். பத்தடி தள்ளி ஓட்டல்காரர் நிற்கிறார். நாலு மாதம் நடந்து வரைந்த வரைபடம் பொய் என்று ஆகிவிடும். முதல் நாளே ஊர் நிறுவனத்தின் முகத்தில் கரி பூசிவிட்டாள் என்பார்கள். இதையெல்லாம் நினைத்தேன். அவளையும் நினைத்தேன். ஆனால் இதையெல்லாம்தான் முதலில் நினைத்தேன்.

ஒன்று முப்பத்தொன்றுக்கு மெக்கானிக், எதற்கும் ஒரு கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ரேடியோவை எடுத்தேன்.

“எல்லாரும் கேளுங்க. என் தங்கச்சி வீடு தெரு லைன்ல இல்ல. ஆஸ்பத்திரி லைன்ல இருக்கு. மூணு வருஷத்துக்கு முன்னாடி நான்தான் திருட்டுத்தனமா மாத்தினேன். மேப்ல பொய்யா வரைஞ்சேன். காலையில வேன்ல கேட்டப்பவும் பொய் சொன்னேன். அவ இப்ப சிலிண்டர்ல மூச்சு விட்டுக்கிட்டு இருக்கா. வேன் உடனே அங்க போகணும்.”

மெக்கானிக் என்னைப் பார்த்தார். கையிலிருந்த துணியைக் கீழே போட்டார்.

“இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா,” என்றார்.

மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்தார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். பிரேக்கரின் ஸ்பிரிங்கை நேரடியாக நெம்பினார். செய்யக் கூடாத வேலை அது, ஸ்பிரிங் தெறித்தால் கை போய்விடும். அவர் மணிக்கட்டில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. பிரேக்கர் விழுந்து பிடித்துக்கொண்டது, லைனுக்குக் கரண்ட் வந்துவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்று முப்பத்து மூன்று. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன அந்த ரெண்டு நிமிஷம் அதுதான். ஒன்று பதினாலுக்கே நான் வாயைத் திறந்திருந்தால் ஒன்று பதினாறுக்குக் கரண்ட் வந்திருக்கும்.

வேன் போய்ச் சேர்ந்தபோது ஒன்று முப்பத்தேழு. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தங்கை கதவருகே தரையில் கிடந்தாள். குழாய் கட்டில் பக்கத்தில் கிடந்தது. சிலிண்டர் காலியாகி வெகுநேரம் ஆகியிருந்தது.

அது முழு சிலிண்டர் இல்லை. நான் அதை யோசிக்கவே இல்லை. காலையில் எட்டரை மணிக்கு அவள் அந்தச் சிலிண்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனைவரை நடந்து போயிருக்கிறாள். அங்கே நின்றால் சதுக்கத்து ஸ்பீக்கர் கேட்கும். முதல் லைனைப் போட்டேன் என்று நான் சொன்னதைக் கேட்டு, பக்கத்தில் நின்றவர்களிடம் அது எங்கள் அக்கா குரல் என்று சொல்லியிருக்கிறாள். பாதிக்குமேல் அங்கேயே தீர்ந்துவிட்டது. பிறகு வெளியே போய்த் தகரப் பெட்டியைத் திறந்து என் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்று பத்தொன்பதிலிருந்து நாலு தடவை கூப்பிட்டிருந்தாள். வேனின் நம்பர் அவள் கட்டிலுக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. நாலு தடவையும் என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிந்தாள். தச்சர் என்னை உள்ளே விட்டார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. முகமூடிக்குள்ளிருந்து அவள் பேசியது எனக்கு மட்டும் கேட்டது.

“ஸ்பீக்கர்ல சொன்னியாமே.”

“ஆமா.”

“எவ்வளவு நேரம் கழிச்சு?”

மழுப்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது. மழுப்பவில்லை. பதினேழு நிமிஷம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

“எதுக்கெடுத்தாலும் கத்துவியே. அன்னைக்கு வாயைத் தொறக்க உனக்குப் பதினேழு நிமிஷமா?”

கேலியாகத்தான் சொன்னாள். என்னிடம் அவள் வேறு மாதிரிப் பேசியதே இல்லை. மறுநாள் மத்தியானம் இறந்துபோனாள். நான் அழுதேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, எல்லாரும் அழுவது மாதிரித்தான் அழுதேன்.

அடுத்த மாதம் நகராட்சி அரங்கில் விசாரணை. கம்பெனிக்காலத்தில் இதெல்லாம் பூட்டிய அறையில் நடக்கும். இது கதவைத் திறந்து வைத்து நடந்தது. நான் நிமிஷக் கணக்கோடு எல்லாவற்றையும் சொன்னேன். போலீசில் கொடுக்கவேண்டும் என்றார்கள் சிலர். கொடுங்கள் என்றேன், கொடுத்தார்கள், அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. ஃபேன் சுற்றுகிறது என்று வேன் சொன்னபோது போய்ப் பார்க்காமல் குறியிட்டது தன் தப்பு என்று இன்ஜினியர் எழுந்து சொன்னார். அன்று மட்டும் அவர் பேசியது கடைசி வரிசைவரை கேட்டது. ஓட்டல்காரர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம், எனக்கு அது நிம்மதியாக இருந்திருக்கும்.

வேன் ஓட்டுகிறவரையும் கூப்பிட்டார்கள். அன்று காலையில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். ரேடியோவில் நான் பதில் சொன்ன பிறகும் மனசு கேட்காமல், எதற்கும் ஒரு பேட்டரியை வைத்துவிட்டுப் போகட்டுமா என்று அவர் என் தங்கையிடம் கேட்டிருக்கிறார். அவள் வேண்டாம் என்றிருக்கிறாள். அவள் சொன்னதை அவர் அப்படியே சொன்னார்.

“எனக்கு எங்கக்கா இருக்கா. இல்லாதவங்க வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்க.”

தச்சர் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. என்றைக்காவது பேசுவார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஸ்விட்ச் அறையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். நியாயம்தான். வரைபடத்தை முதலிலிருந்து மறுபடி சரிபார்க்க முடிவானது, இந்த முறை தனி ஆள் கிடையாது, இரண்டு இரண்டு பேராக. அதில் என் ஜம்பர் மாதிரி, நான் நடந்தபோது என் கண்ணில் படாத இன்னும் ஒன்பது அகப்பட்டன. ஒன்று கவுன்சிலர் ஒருவரின் மாமியார் வீடு, இரண்டு என்னோடு வேலை பார்த்தவர்களின் வீடுகள். ஓட்டல்காரர் பெயரில் ஒன்றும் இல்லை. பிறகு ஒருநாள் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டார். மூச்சு லிஸ்டில் இப்போது நாற்பத்தாறு வீடுகள் இருக்கின்றன, மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போய், எந்த ஒயர் எங்கே தொங்குகிறது என்று கண்ணால் பார்த்து, சிலிண்டரின் அளவு முள்ளையும் பார்த்து எழுதவேண்டும், போகிறாயா என்று கேட்டார். கூட ஒரு ஆள் வருவார், கையெழுத்து அவருடையது. எங்கே எப்படி மறைப்பார்கள் என்று உனக்குத்தான் தெரியும் என்றும் சொன்னார். அவர் குத்தலாகச் சொல்லவில்லை, ஆனால் குத்தியது. போகிறேன் என்றேன்.

ஒவ்வொரு வீட்டிலும் முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். என்ன செய்தேன் என்பதையும் சொல்கிறேன். கூட வருகிறவர் இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுப்பார், நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. சிலர் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். சிலர் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். போன வாரம் லிஸ்டில் புதிதாகச் சேர்ந்த ஒரு வீடு. தையல் வேலை செய்கிற பெண், முப்பது வயது இருக்கும். உள்ளே அவள் புருஷன் மெஷினோடு படுத்திருந்தார். நிலைப்படியில் நின்றபடியே நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது, அதைக் கீழே வைக்கவில்லை.

“அப்ப உங்களை நம்பி நான் எப்படி இவரை விட்டுட்டு வேலைக்குப் போறது?”

“என்னை நம்ப வேண்டாம்மா. வேன் வந்தா உள்ள விடுங்க. லைட் எரிஞ்சுக்கிட்டு இருந்தாலும் விடுங்க. எங்கக்கா இருக்கா, அண்ணன் இருக்கான்னு மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்க.”